லாட்டுக்கு எத்தனை ப்ராசஸ்: காற்புள்ளிப் பட்டியலை டேபிளாப் பிரிக்கலாமா, அரேயா மாத்தலாமா?

#1 நொய்யல்கரை

வணக்கமுங்க. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கான உற்பத்தி சாஃப்ட்வேர், டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 15. அதுல லாட் டேபிள்ல ஒரு ஃபீல்டு. ஒரு லாட் எந்தெந்த ப்ராசஸ் வழியாப் போகோணும்கிறது அதுல இப்படி எழுத்தாக் கிடக்குது:

'1,2,3,9,21,30'

1 நிட்டிங், 2 டையிங், 3 காம்பாக்டிங், 9 பிரிண்டிங், 12 எம்பிராய்டரி, 21 ஸ்டிச்சிங், 30 செக்கிங். மொத்தம் 40 ப்ராசஸ். லாட் 5 லட்சம், லாட்டுக்கு சராசரி 6 ப்ராசஸ்.

திரையில இருந்து வர்ற கேள்வி மூணு வகை. டையிங் இருக்கிற லாட் எது எது. டையிங், பிரிண்டிங் ரெண்டுமே இருக்கிற லாட் எது. ஒரு லாட்டுக்கு வேணுங்கிற ப்ராசஸ் எல்லாத்தையும் தானே செஞ்சு தர்ற ஜாப் ஒர்க் யூனிட் எது (யூனிட் டேபிள்லயும் இதே காற்புள்ளி ஃபீல்டுதான்).

இப்ப ஓடுறது லைக் '%2%' (எழுத்துக்குள்ள எங்கயாவது 2 இருக்குதானு தேடறது). டையிங்கைத் தேடினா எம்பிராய்டரியும் ஸ்டிச்சிங்கும் கூடவே வந்து நிக்குது. வேகத்தைப் பத்திச் சொல்லவே வேண்டாமுங்க. இதைத் தனி டேபிளாப் பிரிக்கிறதா, அரே ஃபீல்டா (ஒரே ஃபீல்டுக்குள்ள எண்களின் பட்டியல்) மாத்தறதா?

#2 சென்னிமலை

தப்பான விடை வர்றதை மட்டும் இன்னைக்கே நிறுத்தலாம். ஃபீல்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரு காற்புள்ளி ஒட்டி, லைக் '%,2,%' எனத் தேடுங்க. 12, 21 எல்லாம் விலகிரும். யாராவது '1, 2, 3' என இடைவெளி விட்டு அடிச்சிருந்தா அந்த லாட் சத்தமில்லாம விட்டுப்போகும், அதனால ரீப்ளேஸ் போட்டு இடைவெளியை எடுத்துருங்க.

வேகம் இதுல வராது. பி-ட்ரீ இன்டெக்ஸ் (சீக்கிரம் தேட வழக்கமாப் போடற அடைவு) எழுத்தை இடமிருந்து வலமா அடுக்கி வெக்கறது. தேடுற சொல்லே % குறியில ஆரம்பிச்சா எந்த இடத்துல நுழையறதுனு அதுக்குத் தெரியாது, 5 லட்சம் ரோவையும் படிச்சுத்தான் ஆகோணும்.

#3 பவானிக்கூடல்

வேகத்தை விடுங்க தம்பி. அந்த ஃபீல்டுல 97 என ஒரு இல்லாத ப்ராசஸை எழுதினாலும் டேபிள் வாங்கிக்கும். ஃபாரின் கீ (இன்னொரு டேபிள்ல இருக்கிற எண்ணை மட்டும் ஏத்துக்கிற கட்டுப்பாடு) போட வழியில்லை. '2,2', '2,,3', கடைசியில ஒரு காற்புள்ளி, எல்லாம் உள்ள வரும். ரெண்டு பேர் ஒரே நேரத்துல ஒரே லாட்டைத் திறந்து, ஒருத்தர் 9-ஐச் சேர்க்க, இன்னொருத்தர் 12-ஐச் சேர்க்க, கடைசியா சேவ் பண்ணினவர் எழுதினது மட்டும் நிக்கும்.

லாட்_ப்ராசஸ் எனத் தனி டேபிள் போடுங்க. லாட்_ஐடி இன்டிஜர், ப்ராசஸ்_ஐடி ஸ்மால்இன்ட். பிரைமரி கீ, அதாவது ஒரு ரோவை அடையாளம் காட்டற, திரும்ப வராத சேர்க்கை, (லாட்_ஐடி, ப்ராசஸ்_ஐடி). எதிர்த்திசைத் தேடலுக்கு (ப்ராசஸ்_ஐடி, லாட்_ஐடி) என இன்னொரு இன்டெக்ஸ். இந்த ரெண்டாவதைத்தான் பல பேர் மறந்துடறாங்க. பிரைமரி கீ மட்டும் இருந்தா "இந்த லாட்டுல என்னென்ன ப்ராசஸ்" சட்டுனு வரும். "டையிங் இருக்கிற லாட்" கேட்டா முழு டேபிளையும் ஓட்டும்.

ரெண்டுமே இருக்கோணும்னா:

செலக்ட் லாட்_ஐடி ஃப்ரம் லாட்_ப்ராசஸ்
வேர் ப்ராசஸ்_ஐடி இன் (2, 9)
குரூப் பை லாட்_ஐடி ஹேவிங் கவுன்ட்(*) = 2

#4 அவிநாசி ரோடு

பவானி அண்ணா, அந்த பிரைமரி கீ திருப்பூர்ல நிக்காதுங்க. செக்கிங் ஸ்டிச்சிங் முடிஞ்சு ஒருக்கா, அயர்னிங் முடிஞ்சு ஒருக்கா நடக்கும். கலர் சரியா ஏறலைனா துணி திரும்பவும் டையிங் போகும். ஒரே லாட்டுல ஒரே ப்ராசஸ் ரெண்டு தடவை வர்றது சாதாரணம். அதுபோக '1,2,3,9,21,30'-ல இருக்கிற வரிசையும் தகவல்தான். பிரிண்டிங் ஸ்டிச்சிங்குக்கு முன்னாடியா பின்னாடியா என்பது அந்த எழுத்து வரிசையில மட்டும்தான் இருக்குது. ரெண்டு ஃபீல்டு மட்டும் உள்ள டேபிளாப் பிரிச்சா அது தொலைஞ்சு போகும்.

அதனால மூணாவதா வரிசை_எண் ஸ்மால்இன்ட், பிரைமரி கீ (லாட்_ஐடி, வரிசை_எண்). எண்ணை 10, 20, 30 எனப் போடுங்க, நடுவுல வாஷிங் ஒண்ணு சேர்க்கணும்னா 25 கொடுத்துக்கலாம். 1, 2, 3 எனப் போட்டு, சேர்க்கும்போதெல்லாம் பின்னாடி இருக்கிறதுக்கு ஒண்ணு கூட்டினா போஸ்ட்கிரெஸ் இடையிலேயே டூப்ளிகேட் கீ எனக் கத்தும். யூனிக் கட்டுப்பாட்டை அது ஒவ்வொரு ரோ மாறும்போதும் சரிபார்க்கும். டிஃபரபிள் (சரிபார்ப்பைத் தள்ளிப்போடற வகை) என அறிவிச்சுத் தப்பிக்கலாம். ஆனா டிஃபரபிள் கீயை ஆன் கான்ஃப்ளிக்ட்டுக்கு (கீ மோதினா என்ன செய்யறதுனு இன்சர்ட்ல சொல்றது) பயன்படுத்த முடியாது.

ப்ராசஸ் ரெண்டு தடவை வரலாம் என்றால் மேலே எழுதின ஹேவிங் கவுன்ட்(*) = 2-ம் தப்பு. டையிங் ரெண்டு தடவை போய், பிரிண்டிங்கே இல்லாத லாட்டும் 2 என எண்ணப்பட்டு உள்ள வந்துரும். கவுன்ட்(டிஸ்டிங்க்ட் ப்ராசஸ்_ஐடி) = 2 என இருக்கோணும்.

#5 மஞ்சமண்டி

எல்லாரும் டேபிள் பக்கமே நிக்கறீங்க, இடக்கணக்கை ஒருத்தரும் போடலை. நான் போடறேன்.

போஸ்ட்கிரெஸ்ல ஒவ்வொரு ரோவுக்கும் 24 பைட் தலைப்பு, பக்கத்துல அதைக் காட்டுற சுட்டி 4 பைட். லாட்_ஐடி 4, ப்ராசஸ்_ஐடி 2, வரிசை_எண் 2. ஆக 8 பைட் தகவலுக்கு 36 பைட் செலவு. 8192 பைட் பக்கத்துல 226 ரோ அடங்கும். 5 லட்சம் லாட், 6 ப்ராசஸ் என்றால் 30 லட்சம் ரோ, கிட்டத்தட்ட 104 எம்பி. பி-ட்ரீ இன்டெக்ஸ்ல ஒரு பதிவு 20 பைட். பக்கத்துக்கு 90 சதம் நிரப்பினா 366 பதிவு. ஒரு இன்டெக்ஸ் 64 எம்பி. ரெண்டு இன்டெக்ஸ். மொத்தம் 230 எம்பியைத் தாண்டுது.

அதையே இன்டிஜர் அரேயா லாட் ரோவுக்குள்ளயே வெச்சா: சின்ன அரேக்கு 21 பைட் மேல்செலவு, 6 எண்ணுக்கு 24, ஆக 45 பைட். 5 லட்சத்துக்கு 22 எம்பிக்குள்ள. அது மேல ஜின் இன்டெக்ஸ். ஜின் என்பது மொய் நோட்டை ஊர் வாரியாத் திருப்பி எழுதி வெச்ச மாதிரி: ஒவ்வொரு ப்ராசஸ் எண்ணும் ஒரே ஒரு தடவை, அதுக்குக் கீழ அந்த எண் வர்ற ரோக்களின் முகவரி. போஸ்ட்கிரெஸ் 9.4-ல இருந்து அந்த முகவரிப் பட்டியல் சுருக்கி வைக்கப்படுது, அடர்த்தியான பட்டியல்ல முகவரிக்கு ஓரிரு பைட்தான். 40 ப்ராசஸுக்கு மொத்தமே சில எம்பி.

கேள்வியும் சுருக்கம். டையிங், பிரிண்டிங் ரெண்டும்: வேர் ப்ராசஸ்கள் @> அரே[2,9]. ரெண்டுல எதாவது ஒண்ணு: &&. குரூப் பை கிடையாது, டிஸ்டிங்க்ட் தொல்லையும் கிடையாது. டையிங் ரெண்டு தடவை இருந்தாலும் @> சரியான விடையே தரும்.

#6 பவானிக்கூடல்

இடம் மட்டும்தான் கணக்குன்னா காற்புள்ளிதாங்க ஜெயிக்குது. '1,2,3,9,21,30' 13 எழுத்து, தலைப்போட 14 பைட், 5 லட்சத்துக்கு 7 எம்பி. 230 எம்பி இன்னைக்கு எந்த சர்வர்லயும் முழுசா மெமரியில உக்காந்துக்கும், அதை வெச்சு முடிவெடுக்கறதுல அர்த்தமில்லை.

அரேக்குள்ள இருக்கிற ஒவ்வொரு எண்ணும் ப்ராசஸ் டேபிள்ல இருக்கோணும் எனக் கட்டுப்பாடு போட போஸ்ட்கிரெஸ்ல வசதியே கிடையாது. ட்ரிகர் (ரோ மாறும்போது தானா ஓடற நிரல்) எழுதலாம், அது பாதிதான் காக்கும்: ப்ராசஸ் டேபிள்ல ஒரு ரோவை அழிக்கும்போதும் இன்னொரு ட்ரிகர் வேணும், ரெண்டு டிரான்சாக்‌ஷன் ஒரே நேரத்துல ஓடினா அதையும் மீறி ஓட்டை விழும்.

அரேல ஒரு எண்ணை மாத்தினாலும் முழு லாட் ரோவும் புதுசா எழுதப்படும். இன்டெக்ஸ் போட்ட ஃபீல்டு மாறினதால ஹாட் அப்டேட்டும் (இன்டெக்ஸைத் தொடாம ரோவை மாத்தறது) நடக்காது, லாட் டேபிள்ல எத்தனை இன்டெக்ஸ் இருக்குதோ அத்தனையிலயும் புதுப் பதிவு விழும்.

#7 நொய்யல்கரை

மஞ்சமண்டி அண்ணா, சோதனை டேபிள்ல அரே மாத்தி ஜின் போட்டாச்சுங்க. வேர் 12 = எனி(ப்ராசஸ்கள்) கொடுத்தா எக்ஸ்ப்ளெயின்ல (கேள்வி எப்படி ஓடுதுனு காட்டற கட்டளை) சீக்வென்ஷியல் ஸ்கேன்னே, அதாவது முழு டேபிளையும் படிக்கறதே, வருது. @> அரே[12] கொடுத்தா "ஆபரேட்டர் இல்லை" என்று பிழை. ஃபீல்டு ஸ்மால்இன்ட் அரே.

#8 மஞ்சமண்டி

ரெண்டும் தெரிஞ்ச பள்ளம்தான் தம்பி.

ஜின் இன்டெக்ஸுக்குத் தெரிஞ்ச குறிகள் @>, <@, &&, = இந்த நாலும்தான். எண் = எனி(ஃபீல்டு) என எழுதினா அர்த்தம் ஒண்ணுதான், ஆனா பிளானர் (கேள்வியை எந்த வழியில ஓட்டறதுனு முடிவு பண்ற பகுதி) அதை @> ஆக மாத்திக்காது. நீங்களே @> என எழுதோணும். சில ஓஆர்எம் நூலகங்கள் (நிரல்ல இருந்து எஸ்க்யூஎல்-ஐத் தானா எழுதித் தர்றது) "கன்டெயின்ஸ்" எனக் கொடுத்தா = எனி-யாத்தான் மொழிபெயர்க்கும்; உருவாகிற எஸ்க்யூஎல்-ஐ லாக்ல ஒருக்கா பாத்துருங்க.

பிழை வர்றது வகை பொருந்தாததால. அரே[12] என எழுதினா அது இன்டிஜர் அரே. இடது பக்கம் ஸ்மால்இன்ட் அரே. வலது பக்கத்தை ஸ்மால்இன்ட் அரேயா காஸ்ட் (வகை மாத்தறது) பண்ணுங்க, இல்லைனா ஃபீல்டையே இன்டிஜர் அரே ஆக்கிருங்க. 6 எண்ணுக்கு மிச்சமாகறது லாட்டுக்கு 12 பைட், அதுக்காக ஆயுசுக்கும் காஸ்ட் எழுதிக்கிட்டிருக்க வேண்டாம்.

இன்டிஜர் ஆக்கினதும் யாராவது இன்ட்அரே எக்ஸ்டென்ஷன் போடச் சொல்வாங்க. போட்டா அதோட சொந்த @> மேல வந்து உக்காந்துக்கும், சாதாரண ஜின் இன்டெக்ஸ் கண்டுக்கப்படாமப் போகும். போடறதா இருந்தா இன்டெக்ஸையும் அதுக்குரிய ஜின்__இன்ட்_ஆப்ஸ் வகையில உருவாக்கோணும். அரேக்குள்ள நல் (NULL, மதிப்பே இல்லாத இடம்) இருந்தா இன்ட்அரே பிழை கொடுக்கும் என்பதும் நினைவுல இருக்கட்டும்.

இன்னொண்ணு, 21 ஸ்டிச்சிங் எல்லா லாட்டுலயும் இருக்கும். அதைத் தேடினா பிளானர் எந்த இன்டெக்ஸையும் தொடாது, தொடவும் கூடாது. இன்டெக்ஸ் வேலை செய்யலைனு நினைச்சு சீக்வென்ஷியல் ஸ்கேனை அணைச்சு வெச்சுறாதீங்க. எந்த எண் எவ்வளவு அடிக்கடி வருதுங்கிறது பிஜி_ஸ்டாட்ஸ்ல மோஸ்ட்_காமன்_எலெம்ஸ் ஃபீல்டுல இருக்கும், அனலைஸ் ஓட்டிட்டுப் பாருங்க.

#9 கரூர் தறி

மைஎஸ்க்யூஎல்ல இருக்கிறவங்களுக்கு ரெண்டு வரி. ஃபைண்ட்_இன்_செட் விடை சரியாத் தரும், இன்டெக்ஸ் எடுக்காது. அரே வகையே கிடையாது. ஜேசான் ஃபீல்டுல [1,2,9] என வெச்சு, 8.0.17-ல வந்த மல்டி-வேல்யூட் இன்டெக்ஸைப் போடலாம். இன்டெக்ஸ் உருவாக்கும்போது காஸ்ட் ... ஆஸ் அன்சைன்ட் அரே எனக் கொடுக்கோணும். தேடும்போது மெம்பர் ஆஃப், ஜேசான்_கன்டெயின்ஸ், ஜேசான்_ஓவர்லாப்ஸ் இந்த மூணுக்கு மட்டும் அது உதவும். கவரிங் இன்டெக்ஸா (டேபிளைத் தொடாம இன்டெக்ஸ்ல இருந்தே விடை தர்றது) ஆகாது. ஒரு இன்டெக்ஸுக்குள்ள ஒரே ஒரு பட்டியல் பகுதிதான்.

தனி டேபிள் என்றால் இன்னோடிபியில் (மைஎஸ்க்யூஎல்லோட இயல்பு சேமிப்பு முறை) கணக்கு வேற. டேபிளே பிரைமரி கீ வரிசையில அடுக்கி இருக்கும். ஒரு லாட்டோட ப்ராசஸ் எல்லாம் பக்கத்து பக்கத்துல. மத்த இன்டெக்ஸ் ஒவ்வொண்ணிலயும் பிரைமரி கீ தானா ஒட்டிக்கும், அதனால (ப்ராசஸ்_ஐடி) என மட்டும் போட்டாலே லாட்_ஐடி உள்ள இருக்கும். போஸ்ட்கிரெஸ்ல அப்படி இல்லை, ரெண்டையும் எழுதித்தான் ஆகோணும்.

திரும்ப ஒட்டிக் காட்ட குரூப்_கான்கேட் பயன்படுத்தினா குரூப்_கான்கேட்_மேக்ஸ்_லென் பாத்துக்குங்க. இயல்பு அளவு 1024. அதுக்கு மேல வெட்டிட்டு ஒரு வார்னிங்கோட நகர்ந்துரும். வார்னிங்கை எந்த ரிப்போர்ட்டும் காட்டாது.

#10 அவிநாசி ரோடு

அரேயா டேபிளா என்பதை இன்டெக்ஸை வெச்சு முடிவு பண்ணாதீங்க, ஃபேக்டரியில என்ன கேக்கறாங்கனு பாருங்க. "டையிங் இருக்கிற லாட்" என யாரும் கேக்கறதில்லை. "டையிங்ல நிக்கிற லாட்" எனத்தான் கேப்பாங்க. அனுப்பின தேதி, திரும்பி வந்த தேதி, சலான் நம்பர், அனுப்பின கிலோ, வந்த கிலோ, கிலோவுக்கு என்ன ரேட், எந்த யூனிட். இதெல்லாம் லாட்டோட தகவலும் கிடையாது, ப்ராசஸோட தகவலும் கிடையாது. லாட்டும் ப்ராசஸும் சேர்ற இடத்தோட தகவல். அரேல வெச்சா பக்கத்துலயே தேதி அரே, ரேட் அரே, கிலோ அரே என நாலு அரேயை வரிசை பிசகாம ஓட்டோணும். நடுவுல ஒரு வாஷிங் சேர்த்து ரேட் அரேல சேர்க்க மறந்தா அதுக்கப்புறம் வர்ற ப்ராசஸ் எல்லாத்துக்கும் அடுத்தவன் ரேட்ல பில் போகும்.

தனி டேபிள்ல வந்த_தேதி ஃபீல்டு இருந்தா பார்ஷியல் இன்டெக்ஸ் ஒண்ணு போதும்: (ப்ராசஸ்_ஐடி, லாட்_ஐடி) வேர் வந்த_தேதி இஸ் நல். முடிஞ்ச லாட் எதுவும் அந்த இன்டெக்ஸ்ல இருக்காது. 30 லட்சம் ரோவுல இன்னும் முடியாம நிக்கிறது எவ்வளவோ அவ்வளவுதான் அதோட அளவு. கேள்வியிலயும் வந்த_தேதி இஸ் நல் என எழுதியிருந்தாத்தான் பிளானர் அதை எடுக்கும்.

#11 மஞ்சமண்டி

லாட்டுக்கு இந்த வாதம் செல்லும், ஒத்துக்கறேன். ஆனா பார்ஷியல் இன்டெக்ஸ் அரேக்கும் உண்டுங்க. லாட் நிலை லாட் டேபிள்லயே இருக்கிறதால ஜின்னை வேர் நிலை = 'ஓப்பன்' எனப் போடலாம். தனி டேபிள் இன்டெக்ஸ்ல தாய் டேபிள் ஃபீல்டை நிபந்தனையா வெக்க முடியாது.

அதே சாஃப்ட்வேர்ல ஸ்டைல் மாஸ்டர் இருக்கும் பாருங்க. சிங்கிள் ஜெர்சி, ரிப், இன்டர்லாக், பிக், பயோ வாஷ், ஆர்கானிக், பிரஷ்டு, இப்படி குறிப்பு ஒட்டறது. அதுக்கு வரிசையும் கிடையாது, தேதி, ரேட்டும் கிடையாது. மெர்ச்சண்டைசர் பட்டியலைத் திறந்து மொத்தமா மாத்தி சேவ் பண்ணுவார். தேடல்ல மூணு குறிப்பு டிக் பண்ணினா மூணும் உள்ள ஸ்டைல் வரோணும். அங்க டெக்ஸ்ட் அரே, ஜின், @>. அதுக்கும் தனி டேபிள், மாஸ்டர் டேபிள், ரெண்டு இன்டெக்ஸ் எனக் கட்டறது வீண் வேலை.

ஜின்ல எழுதற பக்கம் ஒரு விஷயம். இயல்பா ஃபாஸ்ட்அப்டேட் ஆன்ல இருக்கும். புதுப் பதிவுகள் முதல்ல ஒரு காத்திருப்புப் பட்டியலுக்குப் போகும், அது 4 எம்பி தாண்டினா அப்ப இன்சர்ட் பண்ணிக்கிட்டிருக்கிற ஆளு தலையில மொத்தத்தையும் இன்டெக்ஸுக்குள்ள சேர்க்கிற வேலை விழும். நாளெல்லாம் மின்னல் மாதிரி சேவ் ஆகி, எப்பவாவது ஒருக்கா மட்டும் இழுத்தா காரணம் பெரும்பாலும் இதுதான். ஃபாஸ்ட்அப்டேட்டை ஆஃப் பண்ணினா ஒவ்வொரு சேவும் கொஞ்சம் கூடுதலா ஆகும், திடீர் இழுப்பு நிக்கும்.

#12 சென்னிமலை

மூணாவது கேள்வியை யாரும் தொடலை. ஒரு லாட்டுக்கு வேணுங்கிற எல்லா ப்ராசஸும் செய்யற யூனிட். ரிலேஷனல் டேட்டாபேஸ் கோட்பாட்டைத் தந்த எட்கர் காட் 1972-லயே டிவிஷன் எனப் பேர் வெச்ச கணக்கு இது. யூனிட்_ப்ராசஸ் டேபிளுக்கு பிரைமரி கீ (யூனிட்_ஐடி, ப்ராசஸ்_ஐடி) என வெச்சுக்குவோம், இங்க ஒரு ப்ராசஸ் ரெண்டு தடவை வராது.

செலக்ட் யூனிட்_ஐடி ஃப்ரம் யூனிட்_ப்ராசஸ்
வேர் ப்ராசஸ்_ஐடி இன்
 (செலக்ட் ப்ராசஸ்_ஐடி ஃப்ரம் லாட்_ப்ராசஸ் வேர் லாட்_ஐடி = $1)
குரூப் பை யூனிட்_ஐடி
ஹேவிங் கவுன்ட்(*) =
 (செலக்ட் கவுன்ட்(டிஸ்டிங்க்ட் ப்ராசஸ்_ஐடி) ஃப்ரம் லாட்_ப்ராசஸ் வேர் லாட்_ஐடி = $1)

நாட் எக்ஸிஸ்ட்ஸுக்குள்ள நாட் எக்ஸிஸ்ட்ஸ் எழுதியும் இதைச் செய்யலாம்: "இந்த யூனிட் செய்யாத ப்ராசஸ் ஒண்ணுகூட இந்த லாட்டுல இல்லை". விடை ஒரு இடத்துல மட்டும் மாறும். லாட்டுக்கு இன்னும் ப்ராசஸே போடலைனா, நாட் எக்ஸிஸ்ட்ஸ் எல்லா யூனிட்டையும் தரும், குரூப் பை ஒரு யூனிட்டையும் தராது. அரேல யூனிட் @> காலி அரே என்றாலும் எல்லா யூனிட்டும் வரும். திரையில எது வேணும்னு முன்னாடியே முடிவு பண்ணிக்குங்க.

நடைமுறையில நிட்டிங்குல இருந்து பேக்கிங் வரைக்கும் ஒரே யூனிட் செய்யறது அபூர்வம். ஹேவிங்கை எடுத்துட்டு ஆர்டர் பை கவுன்ட்(*) டெசெண்டிங் போட்டா, எவ்வளவு ப்ராசஸ் பொருந்துதோ அந்த வரிசையில யூனிட் வரும். புரொடக்‌ஷன் மேனேஜருக்கு வேண்டியது அதுதான். யூனிட் சில நூறுதான் என்றால் இன்டெக்ஸ் பத்தி யோசிக்கவே வேண்டாம்.

"இந்த ப்ராசஸ் மட்டும்தான், வேற எதுவும் கூடாது" என்ற கேள்வி வந்தா எச்சரிக்கை. அரேல அது <@. ஜின் அந்தக் குறியை ஏத்துக்கும், ஆனா ஒரு எண் பொருந்துற ரோ எல்லாத்தையும் எடுத்து ஒவ்வொண்ணாத் திருப்பிச் சரிபார்க்கும். காலி அரே உள்ள ரோவும் விடையில வரும்.

#13 வெள்ளலூர்

40 ப்ராசஸ்தானே? பிக்இன்ட் ஒண்ணுல 64 பிட். ப்ராசஸுக்கு ஒரு பிட் கொடுத்தா 8 பைட்ல முடிஞ்சுது. தேடற ப்ராசஸ்களோட பிட் எல்லாம் சேர்ந்த எண் மாஸ்க்; எல்லாம் இருக்குதானு பார்க்க (ஃபீல்டு & மாஸ்க்) = மாஸ்க்.

#14 பவானிக்கூடல்

முடியும். அந்தக் கணக்குக்கு பி-ட்ரீ உதவாது, முழு ஸ்கேன்தான். 5 லட்சம் ரோ என்றால் தாங்கும். வரிசை போச்சு, ரெண்டு தடவை வர்றது போச்சு, ஃபாரின் கீ போச்சு. டேட்டாபேஸைத் திறந்து பார்த்தா 537919494 என நிக்கும், அதுல டையிங் இருக்குதானு யாருக்குத் தெரியும்? 65-வது ப்ராசஸ் வர்ற அன்னைக்கு ஃபீல்டு வகையையே மாத்தோணும். மைஎஸ்க்யூஎல் செட் வகையும் உள்ளுக்குள்ள இதேதான், அதுக்கும் உச்சம் 64. வாரத்துல எந்தெந்த நாள் ஷிப்ட் என்கிற மாதிரி, கூடவே கூடாத பட்டியலுக்கு நல்லது.

#15 ஊத்துக்குளி

இன்னொரு பக்கமும் பட்டியல் வருதுங்களே, திரையில இருந்து. யூசர் 30 யூனிட் டிக் பண்ணினா, அதை எழுத்தா ஒட்டி இன் (...) உருவாக்காதீங்க. இன்ஜெக்‌ஷன் ஆபத்து (யூசர் அடிச்ச எழுத்தே கட்டளையா ஓடிரும்) ஒண்ணு. 29 டிக் பண்ணினா ஒரு கேள்வி, 30 என்றா வேற கேள்வி என ஒவ்வொரு நீளத்துக்கும் பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ்ல (ஓடின கேள்விகளோட நேரக் கணக்கு) தனித்தனி வரி விழுந்து, எது மெதுவா ஓடுதுனே கண்டுபிடிக்க முடியாது. வேர் யூனிட்_ஐடி = எனி($1) என எழுதி அரேயையே ஒரே பாராமீட்டரா அனுப்புங்க. டாட்நெட்டுல என்பிஜிஎஸ்க்யூஎல் இன்ட் அரேயை நேரா வாங்கிக்கும். இங்க = எனி சாதாரண பி-ட்ரீயை நல்லாவே எடுக்கும்; #8-ல சொன்ன பள்ளம் அரே ஃபீல்டு பக்கம் இருக்கும்போது மட்டும்தான்.

ஆயிரக்கணக்குல போனா, ஃப்ரம்-ல அன்நெஸ்ட்($1) போட்டு ஜாயின் பண்ணுங்க. தனித்தனி பாராமீட்டரா அனுப்பினா போஸ்ட்கிரெஸ்ல உச்சம் 65535, எஸ்க்யூஎல் சர்வர்ல 2100. ஆரக்கிள் பழைய பதிப்புகள்ல இன் பட்டியலுக்கு 1000. எஸ்க்யூஎல் சர்வர்காரங்க டேபிள்-வேல்யூட் பாராமீட்டர் பயன்படுத்தலாம், 2008-ல இருந்தே இருக்குது. ஸ்ட்ரிங்_ஸ்ப்ளிட் 2016-ல வந்தது, வரிசை உத்தரவாதம் இல்லை. வரிசை எண் வேணும்னா 2022 பதிப்பு.

நாட் இன் பக்கம் போகாதீங்க. உள்ள இருக்கிற பட்டியல்ல ஒரே ஒரு நல் இருந்தா ஒரு ரோகூட வராது. நாட் எக்ஸிஸ்ட்ஸ் எழுதுங்க.

#16 பவானிக்கூடல்

நொய்யல் தம்பிக்கு, மாத்தற முறை. பேக்கப் எடுத்துட்டு இந்த வரிசையில போங்க.

முதல்ல கெட்ட தகவலைப் பிடிங்க. இடைவெளியை நீக்கிட்டு '^[0-9]+(,[0-9]+)*$' என்ற அமைப்புக்குப் பொருந்தாத லாட் எல்லாத்தையும் பட்டியல் எடுங்க. நல், காலி எழுத்து ரெண்டையும் தனியா எண்ணி வெச்சுக்குங்க. காலி எழுத்தை ஸ்ட்ரிங்_டு_அரே காலி அரேயா மாத்தும், அன்நெஸ்ட் அதுல இருந்து ஒரு ரோகூடத் தராது, அந்த லாட் புது டேபிள்ல இருக்கவே இருக்காது. அது சரியா தப்பா என்பது உங்க கையில.

அடுத்தது கொட்டறது. அன்நெஸ்ட்(ஸ்ட்ரிங்_டு_அரே(ஃபீல்டு, ',')) வித் ஆர்டினாலிட்டி எனப் போட்டா மதிப்போட அதன் இடமும் வரும். இடத்தை 10-ஆல பெருக்கி வரிசை_எண்ணா எழுதுங்க. பிரைமரி கீ, இன்டெக்ஸ், ஃபாரின் கீ எதுவும் இப்ப வேண்டாம், கொட்டி முடிச்சு அப்புறம் போட்டா வேகம்.

சரிபார்ப்பு: ஒவ்வொரு பழைய எழுத்துலயும் காற்புள்ளி எண்ணிக்கை கூட்டல் ஒண்ணு. எழுத்தின் நீளத்துல இருந்து காற்புள்ளியை நீக்கின நீளத்தைக் கழிச்சா எண்ணிக்கை வந்துரும். காலி லாட்டை விட்டுட்டு அந்த மொத்தமும் புது டேபிள் ரோ எண்ணிக்கையும் அச்சா ஒண்ணா இருக்கோணும். ஒண்ணு குறைஞ்சாலும் அடுத்த படிக்குப் போகாதீங்க.

ப்ராசஸ் டேபிள்ல இல்லாத எண்ணை லெஃப்ட் ஜாயின்ல கண்டுபிடிச்சுத் தீர்த்துட்டு, பிரைமரி கீ, அவிநாசி ரோடு சொன்ன பார்ஷியல் இன்டெக்ஸ், ஃபாரின் கீ. பழைய லாட்டுக்கு வந்த_தேதி நிரப்பாம விட்டுட்டா எல்லாமே "நிக்கிற லாட்" ஆகிரும், பார்ஷியல் இன்டெக்ஸும் முழு இன்டெக்ஸா வீங்கிரும். மூடின லாட்டுக்கு லாட் மூடின தேதியையாவது போடுங்க. கடைசியா வேக்கம் அனலைஸ். வேக்கம் ஓடினாத்தான் விசிபிலிட்டி மேப் (எல்லாருக்கும் தெரியற ரோ மட்டும் உள்ள பக்கங்களோட குறிப்பு) நிரம்பும், அது நிரம்பினாத்தான் இன்டெக்ஸ்-ஒன்லி ஸ்கேன் டேபிளைத் தொடாம ஓடும்.

பழைய ரிப்போர்ட்டுகளுக்கு டேபிள் பேரை மாத்திட்டு, பழைய பேர்ல ஒரு வியூ (டேபிள் மாதிரியே தெரியற, சேமிச்சு வெச்ச கேள்வி) வெச்சு, ஸ்ட்ரிங்_அக்-ல ஆர்டர் பை வரிசை_எண் கொடுத்து அதே காற்புள்ளி எழுத்தைத் திருப்பிக் காட்டுங்க. ஆர்டர் பை இல்லாம ஸ்ட்ரிங்_அக் எழுதினா வரிசைக்கு யாரும் பொறுப்பில்லை. பழைய ஃபீல்டை டிராப் பண்ணினாலும் டேபிள் அளவு உடனே குறையாது, ரோவெல்லாம் திருப்பி எழுதப்படும்போதுதான் இடம் திரும்பும்.

#17 நொய்யல்கரை

ரொம்ப நன்றிங்க அண்ணா. லாட்டுக்குத் தனி டேபிள், ஸ்டைல் குறிப்புக்கு அரே என முடிவு. ஒரு இடம் மட்டும் இடிக்குது. பழைய லாட் என்ட்ரி ஃபார்ம் காற்புள்ளி எழுத்தைத்தான் சேவ் பண்ணும், அதை இந்த வருசம் தொட முடியாது. வியூ மேல இன்ஸ்டெட் ஆஃப் ட்ரிகர் (வழக்கமான சேவுக்குப் பதிலா ஓடற ட்ரிகர்) எழுதி, அந்த லாட்டோட ரோ எல்லாத்தையும் அழிச்சுட்டு புதுசாப் போட்டா போதுங்களா?

#18 அவிநாசி ரோடு

போதாதுங்க. அழிச்சுட்டுப் போட்டா அனுப்பின தேதி, சலான், கிலோ எல்லாம் அதோட போயிரும். யாரோ ஒருத்தர் லாட்டைத் திறந்து பையர் பேரை மட்டும் திருத்தி சேவ் அடிப்பார், டையிங்ல போட்ட கணக்கு மொத்தமும் காணாமப் போகும்.

ட்ரிகர்ல முதல் வேலையா பழைய எழுத்தும் புது எழுத்தும் ஒண்ணானு பாருங்க. ஒண்ணுன்னா லாட்_ப்ராசஸ் பக்கமே போகாம மத்த ஃபீல்டை மட்டும் எழுதிட்டு வெளிய வந்துருங்க. மாறியிருந்தா புதுப் பட்டியலை வித் ஆர்டினாலிட்டியோட பிரிச்சு, ஒரே ப்ராசஸ் ரெண்டு தடவை வந்தா முதல் தடவையை முதலோடவும் ரெண்டாவதை ரெண்டாவதோடவும் சேருங்க: ரெண்டு பக்கமும் ரோ_நம்பர், பார்ட்டிஷன் பை ப்ராசஸ்_ஐடி, ஆர்டர் பை வரிசை. பழையதுல மட்டும் இருக்கிறதை, அனுப்பின_தேதி இஸ் நல் என இருந்தா மட்டும் அழிங்க. தேதி விழுந்திருந்தா ரெய்ஸ் எக்ஸெப்ஷன் போட்டு சேவையே தடுங்க. புதுசுல மட்டும் இருக்கிறதை இன்சர்ட் பண்ணுங்க.

ரெண்டு பக்கமும் இருந்து வரிசை மட்டும் மாறினதுக்கு வரிசை_எண்ணை அப்டேட் பண்ணும்போது #4-ல சொன்ன டூப்ளிகேட் கீ திரும்பவும் கத்தும். அந்த லாட்டோட வரிசை_எண் எல்லாத்தையும் முதல்ல மைனஸ் ஆக்கிட்டு, அப்புறம் புது எண்ணைக் கொடுங்க. ஆரம்பத்துலயே லாட் ரோவை செலக்ட் ... ஃபார் அப்டேட் போட்டுப் பூட்டிக்குங்க, ட்ரிகர் ஓடிக்கிட்டிருக்கும்போதே இன்னொருத்தர் சேவ் அடிச்சா அவர் வரிசையில நிக்கட்டும்.